சிவப்பு வந்தால் சரி

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு மேலே மாடியில் இருக்கிறது அந்த அறை. கீழே இரும்பைக் கடையும் இரைச்சல் எழும்போதெல்லாம் மேசை லேசாக அதிர்கிறது. எடைக்கற்களை வைத்துச் சரிபார்க்கும் மேடையை மட்டும் அதற்காகவே தூணோரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் தராசு செய்கிற இடம். காய்கறிக் கடையிலும் மளிகைக் கடையிலும் நாம் பார்க்கிற 30 கிலோ தராசு. ஐந்து ஐந்து கிராமாகக் காட்டும்.

நீள மேசையின் நடுவில் ஒரு ஜிக். ஹைலம் பலகையில் துளை போட்டு நான்கு ஸ்பிரிங் ஊசிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பெண் இடப்பக்க அடுக்கிலிருந்து போர்டை எடுக்கிறாள், ஊசிகளின் மேல் வைக்கிறாள், க்ளாம்ப்பை இறக்குகிறாள். போர்டின் மூலையில் கறுப்பாக ஒரு சிப். ஆறரை மில்லிமீட்டர் நீளம், இருபது கால்கள். எஸ்டிஎம்32எஃப்030 என்பது அதன் பெயர். ஊசிகளில் ஒன்று மின்சாரம் கொடுக்கிறது, ஒன்று எர்த், மற்ற இரண்டும் சிப்போடு பேசுகின்றன. கம்ப்யூட்டர் திரையில் பச்சைப் பட்டை ஓடி முடிகிறது. ப்ரோக்ராம் அடங்கிய ஹெக்ஸ் ஃபைல் உள்ளே போய்விட்டது, போனது சரியாகப் போயிருக்கிறதா என்று திரும்பப் படித்தும் பார்த்தாகிவிட்டது. இதுவரை எல்லாம் தானாக நடக்கிறது.

பிறகு திரை நின்று ஒரு கேள்வி கேட்கிறது. அவள் போர்டைப் பார்க்கிறாள், பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்கிறாள், திரையில் உள்ள எண்ணைப் பார்க்கிறாள். ஒய் என்ற எழுத்தை அழுத்துகிறாள். இந்த ஒரு அழுத்தலையும் தானாக நடக்கும்படி வைத்துவிடலாம். இந்த இடத்தை நடத்தும் பெரியவர்தான் கூடாது என்று சொல்லிவிட்டாராம். "மத்ததெல்லாம் மெஷின் பண்ணட்டும் அம்மிணி, இது மட்டும் மனுசக் கையால நடக்கோணும்" என்று அவர் புதிதாக வந்த இன்னொரு பெண்ணிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஒய் அழுத்திய பின் போர்டுக்கு மின்சாரம் போய்த் திரும்ப வருகிறது. கம்ப்யூட்டர் மறுபடியும் சிப்பைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் இல்லை. திரையில் சிவப்பெழுத்து: சிப்பையே காணவில்லையாம். அவள் "சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போர்டை வலப்பக்கத் தட்டில் வைக்கிறாள். தொழிற்சாலையில் சிவப்பைக் கண்டால் நிறுத்துவார்கள். இந்த மேசையில் சிவப்பு வந்தால்தான் வேலை முடிந்தது.

நடந்தது என்னவென்றால், சிப்புக்குள் ஆப்ஷன் பைட் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதில் ஒரே ஒரு பைட்டுதான் சிப்பின் பூட்டு. அதில் ஏஏ என்று இருந்தால் சிப் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். சிசி என்று எழுதினால் இரண்டாம் நிலை; ஒய் அழுத்தினால் எழுதப்படுவது இதுதான். இந்த இரண்டும் அல்லாத எது இருந்தாலும் முதல் நிலை. முதல் நிலையில் வெளியிலிருந்து ஃப்ளாஷ் நினைவகத்தைப் படிக்க முடியாது, ஆனால் பூட்டைக் கழற்ற முடியும். கழற்றிய கணம் உள்ளே உள்ள ப்ரோக்ராம் முழுவதும் அழிந்துபோகும். திருடன் வீட்டுக்குள் வரலாம், அவன் வாசல்படியைத் தாண்டியதும் சாமான் அத்தனையும் சாம்பலாகிவிடும் என்கிற மாதிரி. திருட்டைத் தடுக்க இது போதும். ஆனால் வந்தவன் திருட வராமல், காலி வீட்டில் குடியேற வந்திருந்தால்?

இரண்டாம் நிலை அந்தக் குடியேற்றத்தைத் தடுக்கத்தான். சிசி எழுதி மின்சாரத்தை நிறுத்திப் போட்டால், பேச்சுக் கம்பிகள் இரண்டும் ஊமை. சிப் தயாரிப்பாளர் உள்ளே வைத்துத் தரும் சீரியல் லோடரும் இனி எழாது. பூட் பின்னை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டினாலும் சிப் தன் சொந்த ப்ரோக்ராமிலிருந்துதான் கிளம்பும். ஆப்ஷன் பைட்டுகளை அழிக்க முடியாது, அதனால் சிசியை ஏஏ ஆக்கவும் முடியாது. எழுதியவருக்கும் அதே கதி. தயாரிப்பாளரான எஸ்டி நிறுவனம்கூட, இரண்டாம் நிலை போட்ட சிப் பழுதானால் அதைத் திறந்து ஆராய்ந்து சொல்ல எங்களால் ஆகாது என்று தன் ஆவணங்களில் எழுதிவைத்திருக்கிறது.

சிவப்பெழுத்தில் ஒரு வம்பு இருக்கிறது. ஊசி சரியாகத் தொடாவிட்டாலும் அதே சிவப்புதான் வரும். பூட்டிய சிப்பும் தொடாத ஊசியும் கம்ப்யூட்டருக்கு ஒன்றே. ஆகவே வலப்பக்கத் தட்டு முடிவல்ல. அங்கிருந்து இன்னொருத்தி போர்டை எடுத்து டிஸ்ப்ளேயோடு சேர்க்கிறாள். ஒன்பதிலிருந்து பூஜ்யம் வரை எண்கள் எல்லாக் கட்டங்களிலும் ஓடுகின்றன, பதிப்பு எண் ஒரு நொடி நிற்கிறது, பிறகு பூஜ்யம். போர்டு வேலை செய்யவும் வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தட்டுப்படாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சிப்பின் முதுகில் பச்சை பெயின்டால் ஒரு புள்ளி. புள்ளி வைப்பது பழைய நெயில் பாலிஷ் பிரஷ்ஷால். பெயின்ட் காயும்வரை போர்டை விசிறியிடமிருந்து திருப்பி வைக்கிறாள்.

நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். எதுவும் கேட்பதில்லை. கேட்டால் எனக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு விளம்பரப் பேச்சாகிவிடும்.

பெரியவர் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ப்ரோக்ராம் தனிச் சிப்பில் இருந்தது. ஈப்ரோம். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல். அழிக்க வேண்டுமானால் புற ஊதா விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்து மூடிக் கால் மணி நேரமோ இருபது நிமிஷமோ விட வேண்டும். வெயில் படாமல் இருக்க ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்தப் பெட்டி இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, தூசியோடு. அதற்கடுத்து 8051, அதற்கடுத்து அட்மெகா8. அட்மெகாவிலும் லாக் பிட் உண்டு. சிப் முழுவதையும் அழி என்று ஒரு கட்டளை கொடுத்தால் பூட்டும் சேர்ந்து அழிந்துவிடும். ரீசெட் காலையே முடக்கிப் போட்டாலும், அந்தக் காலில் 12 வோல்ட் கொடுத்து எழுப்பிவிடுகிற ப்ரோக்ராமர் கடையில் கிடைத்தது. பிறகு எஸ்டிஎம்32எஃப்103. விலை மலிவு, எங்கும் கிடைத்தது. அந்த எஃப்1 வரிசையில் இரண்டாம் நிலை என்ற ஒன்றே கிடையாது.

தொல்லை அங்கேதான் வந்தது. எஃப்103 போட்ட ஒரு தராசு சர்வீஸுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மேலே இவர்கள் பெயர், பக்கவாட்டில் முத்திரை, உள்ளே இவர்கள் செய்த போர்டு, இவர்கள் வைத்த சிப். ப்ரோக்ராம் மட்டும் இவர்களுடையது இல்லை. யாரோ அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருந்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் எடை துல்லியம். ஆய்வாளர் கற்களை வைத்தால் கல்லின் எடையைத்தான் காட்டும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கிலோவுக்கு இவ்வளவு என்று ஏற்றிக் காட்ட ஆரம்பிக்கும். தங்கள் ப்ரோக்ராம் திருட்டுப் போகவில்லை என்பதில் பெரியவருக்கு ஆறுதலே வரவில்லையாம். திருடியிருந்தாலாவது சரியான எடை காட்டியிருக்கும்.

அன்றைக்குத்தான் இரண்டாம் நிலை உள்ள சிப்புக்கு மாறுவது என்று முடிவாகியிருக்கிறது. இந்த இருபது கால் எஃப்030இல் ஃப்ளாஷ் 16 கிலோபைட். அதை நான்கு நான்கு கிலோபைட்டாக நான்கு பாகமாக்கி, எழுத்துக் காப்பு என்று இன்னொரு ஆப்ஷன் பைட்டில் பாகத்துக்கு ஒரு பிட். பிட் பூஜ்யமானால் அந்தப் பாகத்தை அழிக்க முடியாது, சிப்பில் ஓடும் ப்ரோக்ராமே நினைத்தாலும் முடியாது. இவர்கள் அங்கே எஃப்8 என்று எழுதுகிறார்கள். முதல் மூன்று பாகமும் காப்புக்குள், கடைசிப் பாகம் திறந்து. இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கி மின்னழுத்தம் தள்ளாடும்போது ப்ரோக்ராம் தடம்புரண்டு தன்னையே அழித்துக்கொள்ளாமல் இருக்க இது. இந்த எஃப்8ஐ எழுதிவிட்டு அதன்மேல் சிசியையும் போட்டுவிட்டால், அந்த 12 கிலோபைட்டும் சிப்பின் ஆயுள் வரைக்கும் அப்படியேதான்.

கடைசி 4 கிலோபைட்டைத் திறந்து விட்டதற்கும் காரணம் உண்டு. பூட்டு வெளிக்கைகளுக்குத்தான். உள்ளே ஓடுகிற ப்ரோக்ராம் தன் நினைவகத்தில் எழுதலாம். எடைக்கல்லை வைத்து அளவு திருத்துகிற காலிபரேஷன், சிப்பைப் பூட்டியபிறகுதான் நடக்கிறது. திருத்திய எண்களைப் ப்ரோக்ராம் தானே அந்தக் கடைசிப் பாகத்தில் எழுதிக்கொள்கிறது. பழைய மாடலில் இந்த எண்கள் பக்கத்தில் எட்டுக் கால் 24சி02 சிப்பில் இருந்தன. அதை யார் வேண்டுமானாலும் இரண்டு கம்பியில் படித்து மாற்றி எழுதலாம். பெரிய சிப்பைப் பூட்டிவிட்டுச் சின்னச் சிப்பைத் திறந்து வைத்திருந்தோம் என்று சொல்லிச் சிரிக்கிறார் பெரியவர். அவர் சிரிப்பது அபூர்வம்.

காலிபரேஷன் சுவிட்ச் தராசின் அடிவயிற்றில், ஒரு சிறு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மூடியின் ஸ்க்ரூ துளை வழியாகக் கம்பி கோத்து ஈயக் குண்டு வைத்து நசுக்குவது முத்திரை ஆய்வாளர். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இன்படி, தராசின் மாதிரிக்கு ஒப்புதல் வாங்கித்தான் செய்ய வேண்டும். செய்பவருக்கும் உரிமம் வேண்டும், பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தால் மறு முத்திரை. நவீனச் சிப்பின் சிசியும் ஈயக் குண்டும் ஒரே தராசில் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஈயக் குண்டின் மேல்தான் மதிப்பு கூடியது. காரணம் பின்னால் வரும்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ப்ரோக்ராம் எழுதுகிற தம்பி பெரியவரின் மேசைக்கு வந்து நின்றார். பேச்சை வாரக்கணக்கில் மனசுக்குள் உருட்டியிருப்பார் போல.

"ண்ணா, ஒரு பூட்லோடர் வச்சுக்கலாமுங்ணா. நம்ம கையெழுத்து இருக்கற ஃபைல் வந்தா மட்டும் எடுத்துக்கும். லெவல் டூ அப்படியே இருக்கும். வெளியாளு ஒண்ணும் பண்ண முடியாதுங்."

"எத்தன எடம் வேணும்?"

"மூணு நாலு கேபி ஆகுமுங்."

"இருக்கறதே பதினாறு."

"சுருக்கிக்கலாமுங். இல்லீன்னா முப்பத்திரெண்டு கேபி சிப்பு போட்டுக்கலாம். நாளைக்கு ஏதாவது பக் வந்துச்சுன்னா..."

"எடம் கெடக்குது கண்ணு. கையெழுத்துச் சாவி ஆருகிட்ட இருக்கும்? எங்கிட்டயா, உங்கிட்டயா? நீ நாளைக்கு வேற கம்பெனிக்குப் போவே. போகக் கூடாதுன்னு சொல்லல. சாவியும் உங்கூடவே வருமா, வராதான்னு நான் ஆருகிட்டப் போய்க் கேப்பேன்?"

தம்பி பதில் சொல்லவில்லை. பெரியவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கைபேசி, கார், வீட்டுக் கதவின் பூட்டு என்றால் நான் தம்பியின் பக்கம் நின்றிருப்பேன். திருத்தவே முடியாத ப்ரோக்ராம் ஒரு நாள் ஆபத்தாகும். தராசின் வேலை வேறு. ஒப்புதல் வாங்கிய நாளில் எந்தப் ப்ரோக்ராம் இருந்ததோ அதுதான் கடைசிவரை இருக்க வேண்டும். வெளியிலிருந்து மாற்ற ஒரு நல்ல வழி இருந்தால், அந்த வழியின் காவல்காரன் ஒருவன் இருந்தாக வேண்டும். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் அந்தக் காவலுக்கு ஆள் போட முடியாது என்று பெரியவர் நினைக்கிறார். அது தொழில்நுட்பக் கணக்கு அல்ல, சம்பளக் கணக்கு.

ஆனால் தம்பி சொன்ன "ஏதாவது பக்" அறையிலேயே இருக்கிறது. ஜன்னலோரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் கால்கள் வளைந்த சிப்புகள். ஒரு சமயம், டேர் பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்கு வராத பதிப்பு ஒன்று தவறுதலாக லைனுக்குப் போய்விட்டது. பச்சைப் பட்டை ஓடியது, சிவப்பு வந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. பூட்டு மட்டும் தப்பான ப்ரோக்ராமின் மேல் விழுந்தது. ஹாட் ஏர் கன்னால் ஒவ்வொரு சிப்பையும் சுரண்டி எடுத்துப் புதிது வைத்திருக்கிறார்கள். எடுத்த சிப்புகள் எதற்கும் ஆகாது. அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குப் பெரியவரிடம் காரணம் கேட்டவர் யாரும் இல்லை போலிருக்கிறது. ஒய் என்ற எழுத்துக்கு முன்னால் அந்தப் பெண் பதிப்பு எண்ணை இரண்டு இடத்தில் பார்ப்பது அந்த டின் வந்த பிறகுதான்.

தம்பி தோற்றுப்போகவில்லை. சாயங்காலம் டீ வந்தபோது வேறு பக்கமாக வந்தார். "லெவல் டூவும் நிரந்தரம் இல்லீங்ணா, தெரியுமுங்களா?" என்று தொடங்கினார். அவர் சொன்னது உண்மை. ஜெர்மனியின் ஃப்ரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோஹன்னஸ் ஓபர்மையர், ஸ்டெஃபான் டாட்ஷ்னர் இருவரும் 2017இல் இதே எஃப்0 வரிசைச் சிப்பை எடுத்து, மேல் பிளாஸ்டிக்கை நீக்கி, உள்ளேயுள்ள சிலிக்கானில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். ஆப்ஷன் பைட்டில் ஒரு பிட் புரண்டாலும் அது சிசியாக இருக்காது. சிசியும் இல்லை ஏஏயும் இல்லை என்றால், விதிப்படி முதல் நிலை. அதாவது பூட்டை உடைக்க வேண்டாம், கொஞ்சம் கெடுத்தால் போதும். முதல் நிலைக்கு வந்துவிட்டால் வெளியிலிருந்து அழிக்கலாம், அழித்தபின் எதையும் ஏற்றலாம். மறு ஆண்டு டிசம்பரில் லைப்சிக் நகரில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில், ட்ரெஸர் ஒன் என்கிற கிரிப்டோ பணப்பெட்டியில் இருந்த எஃப்2 வரிசைச் சிப்பை ஒளிகூட இல்லாமல், மின்னழுத்தத்தைக் கண நேரம் இடறவைத்தே இரண்டாம் நிலையிலிருந்து கீழே இறக்கிக் காட்டினார்கள்.

பெரியவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு அலமாரியின் மேல்தட்டைக் கையால் காட்டினார். "அந்த லைட்டேதானே?"

"அதேதானுங்."

"அட!" என்றார். அவர் முகத்தில் கவலை தெரியவில்லை. பழைய ஆளை எதிர்பாராத இடத்தில் சந்தித்த மகிழ்ச்சிதான் தெரிந்தது. "செரி, சந்தைல தக்காளி விக்கறவன் ஆசிட் ஊத்தி லைட் அடிப்பானா? புதுச் சிப்பு என்ன வெல? அத வாங்கி ஒட்டிட்டுப் போவான்."

இதுதான் அந்த அறையில் பேசப்பட்டதிலேயே கூர்மையான வார்த்தை என்று எனக்குத் தோன்றியது. சிசி காப்பது சிப்பை. தராசைக் காப்பது அதன் வேலை அல்ல. கைதேர்ந்த ஒருவன் இருபது கால்களையும் சூடாக்கி எடுத்து, காலிச் சிப்பை வைத்து, தன் ப்ரோக்ராமை ஏற்றிவிடலாம். பச்சைப் புள்ளியைக்கூட வைத்துவிடலாம். அதற்கு அவன் மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கம்பி அறும். அறுந்தால் ஆய்வாளருக்குத் தெரியும். ஈயக் குண்டின் மேல் எனக்கு மதிப்பு கூடியது இதனால்தான். சிப்பின் பூட்டு செய்வதெல்லாம், நான்கு கம்பியும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற மோசடியை, சூடேற்றும் கருவியும் பழகிய கையும் வேண்டிய மோசடியாக ஆக்குவதுதான். அந்த வித்தியாசத்துக்காகத்தான் பெரியவர் டின்னில் கிடக்கும் சிப்புகளின் காசை இழந்திருக்கிறார்.

சிப்பையே தொடாமலும் ஏமாற்றலாம். 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப் பிரதேசக் காவல்துறையின் சிறப்புப் படை பெட்ரோல் பங்குகளைச் சோதித்தபோது, பம்ப்புக்குள் தனியாக ஒரு சிறு சிப்பைக் கம்பியில் இணைத்து, ரிமோட்டால் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பம்ப்பின் சொந்த நினைவகத்தை எத்தனை இறுக்கிப் பூட்டியிருந்தாலும் பயனில்லை. காதுக்கு வரும் வழியிலேயே கணக்கை மாற்றிவிட்டால் மூளை என்ன செய்யும்? தராசிலும் எடையை உணரும் லோட்செல்லிலிருந்து போர்டுக்கு நான்கு நிறக் கம்பிகள் வருகின்றன. பெரியவர் அந்தக் கம்பிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தம்பியும் கேட்கவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் பொள்ளாச்சியிலிருந்து டீலர் ஒருவர் போன் செய்தார். பெரியவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆர்டர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொப்பரைக் கடைக்காரர் ஒருவர் தராசு வாங்கி ஆறு மாதம் ஆகிறது, இப்போது மொத்த எடையைக் கூட்டிக் காட்டுகிற வசதி வேண்டுமாம்.

"சாஃப்ட்வேர்தானுங்களே, தம்பிய அனுப்பிச்சு மாத்திக் குடுத்துருங்க. மத்த கம்பெனியெல்லாம் கடைக்கே வந்து லேப்டாப்புல மாத்திக் குடுக்கறாங்க."

"நம்ம தராசுல மாத்த முடியாதுங்."

"ஏனுங்க, உங்க தராசுதானுங்களே?"

"எங்களுதுதானுங். எங்களாலயும் முடியாதுங்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. தம்பி தலையைக் குனிந்து சிரித்தார்.

"அப்பறம் என்னதானுங்க பண்றது?"

"போர்டு புதுசு வைக்கோணும். அந்த வசதியோட இன்னொரு மாடலுக்கு ஒப்புதல் இருக்குது, அந்தப் போர்டு அனுப்பறேன். லைசென்ஸ் இருக்கற ஆள வச்சுப் பிரிங்க. பிரிச்சா முத்திர போயிரும், மறுபடி வைக்கோணும். போர்டுக்கும் முத்திரைக்கும் கடைக்காரரு காசு குடுக்கோணும்னு இப்பவே சொல்லிப்போடுங்க."

"பழைய போர்டுக்கு ஏதாச்சும் கழிச்சுக்குவீங்களா?"

"எட்டணாகூடக் கழிக்க மாட்டனுங்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் புத்தகத்தில் பொள்ளாச்சி, போர்டு ஒன்று, பஸ் பார்சல் என்று எழுதினார்.